நாளைக்கு எழுந்துகொள்ளும் ரஷ்யர்களும் எங்கள் அண்ணனும்

1

லண்டனுக்கு வந்து இந்தப் பிப்ரவரியோடு மூன்று வருஷம் முடிந்தது. ஆம்பூரிலிருந்து யார் கடிதம் போட்டாலும் கடைசி வரியில் ஒரே கேள்விதான். அங்கே போய் என்ன கற்றுக்கொண்டாய்? ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவனிடம் கேட்கிற கேள்வியா இது? கேட்டுவிட்டீர்கள், சொல்கிறேன். முட்டைக்கோசை வெறும் தண்ணீரில் வேகவைத்து அதையும் சாப்பாடு என்று நம்பக் கற்றுக்கொண்டேன். ஒருவன் என் காலை மிதித்தால் நானே அவனிடம் 'சாரி' சொல்லக் கற்றுக்கொண்டேன். மூன்றாவதாக, ரஷ்யாக்காரர்களைப் பற்றிக் கொஞ்சம் கற்றுக்கொண்டேன். அதைத்தான் எழுதப்போகிறேன். மற்ற இரண்டும் உங்களுக்கு உபயோகப்படாது.

நான் இருப்பது பெர்மாண்ட்சி என்கிற பேட்டை. ஆம்பூர்க்காரனைக் கண்ணைக் கட்டி இங்கே கொண்டுவந்து விட்டாலும், வாணியம்பாடிக்குத்தான் வந்திருக்கிறோம் என்று மூக்கு சொல்லிவிடும். நம்மூர் ஆவாரம்பட்டையில் பதப்படுத்திய ஆட்டுத்தோல் எல்லாம் கட்டுக்கட்டாக இங்கேதான் வந்து இறங்குகிறது. முதல் தரமா இரண்டாம் தரமா என்று வாங்குகிறவர்கள் சண்டை பிடித்ததால், எங்கள் டேனரி முதலாளி பாய் தன் கட்சிக்கு ஒரு கட்டை விரலை அனுப்பிவைத்தார். அந்தக் கட்டை விரலோடு ஒட்டிக்கொண்டு வந்தவன்தான் நான்.

வேலை இவ்வளவுதான். தோலை எடுக்க வேண்டும், மடக்க வேண்டும், கட்டை விரலால் தடவ வேண்டும், தரத்தைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். பத்து எண்ணுவதற்குள் சொல்லிவிட வேண்டும். ஆம்பூரில் எனக்கு இதைப் பழக்கிய மேஸ்திரிக்கு 'பார்க்கலாம்' என்ற வார்த்தையே ஆகாது. "கைல எடுத்தியா, வாயால சொல்லு. அப்பால பாக்கலாம்னு ஓரமா வெச்ச தோலு அப்பால யாருக்கும் ஆவாது" என்பார். நான் ஓரமாக வைத்த தோல்களை என் தலைமேலேயே போட்டுவிட்டுப் போவார்.

2

எனக்கு மேல்மாடி அறையில் வேரா என்று ஒரு ரஷ்ய அம்மாள் இருக்கிறாள். வயது நாற்பத்தைந்து இருக்கும். பக்கத்துத் தெருப் பட்டறையில் கையுறை தைக்கிறாள். ரஷ்யாவில் ராஜா போன கலவரத்தில் ஊரைவிட்டுக் கிளம்பி வந்தவள். நான் வேராக்கா என்றுதான் கூப்பிடுவேன். அக்கா என்றால் என்ன அர்த்தம் என்று முதல் நாள் கேட்டாள். "என்னைத் திட்டுறதுக்கு உரிமை உள்ளவ" என்றேன். அந்த உரிமையை இதுவரை ஒரு நாளும் வீணாக்கியதில்லை. அவளுடைய ஆங்கிலமும் என்னுடைய ஆங்கிலமும் ஒரே மண்டியில் எடுத்த இரண்டாம் தரச் சரக்கு. அதனால் அவள் பேசியதை எங்கள் ஊர்ப் பேச்சிலேயே எழுதிவிடுகிறேன். அவளுக்கும் அது பொருத்தமாகத்தான் இருக்கும்.

என் ஆங்கிலம் தேறுவதற்கு அவள் சொன்ன வழி, ரஷ்யக் கதைகள். நூல்நிலையத்தில் இங்கிலீஷில் மொழிபெயர்த்து வைத்திருக்கிறார்கள். ஞாயிறு மாதாகோயில் முடிந்து, மத்தியானம் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து விரல் வைத்துப் படிப்பேன். முதல் தொல்லை பெயர். ஒரே ஆளுக்கு மூன்று பெயர். நாற்பது பக்கம் போனபிறகு ஒன்பது பேர் வந்துவிட்டார்கள் என்று நான் கணக்குப் போட்டிருந்தேன். வந்தது மூன்றே பேர்.

பெயர் பிடிபட்டதும் ஆள் பிடிபட்டான். எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் அவன்தான் இருந்தான். நல்லவன், படித்தவன், பேசினால் கேட்டுக்கொண்டே இருக்கலாம். ஆனால் பாதி நாள் கட்டிலில்தான் கிடப்பான், எதையும் செய்யமாட்டான். ஒருவன் சதுப்பு நிலத்தை வடித்து ஆப்பிள் தோட்டம் போடப்போகிறான். அறுபது வகை ஆப்பிளின் பெயரை எழுதியும் வைத்திருக்கிறான். ஒரு கன்று வாங்கவில்லை. இன்னொருவன் தெருவில் நடக்கும்போது விளக்கு எரிகிற ஜன்னலில் ஒரு பெண்ணைப் பார்க்கிறான். வீடு போய்ச் சேருவதற்குள் மனதிலேயே அவளைக் கட்டி, சண்டை போட்டு, சமாதானமும் ஆகிவிடுகிறான். கதவைத் தட்டினானா என்றால் இல்லை. மூன்றாமவனிடம் ஒருத்தி நேராகவே வந்து, 'வா, போகலாம்' என்கிறாள். அவன் பனி கொஞ்சம் விடட்டும் என்கிறான். அந்த ஊரில் பனி எப்போது விட்டது?

"கட்டிலைத் தூக்கி வெளிய போட்டுட்டா இந்தக் கதை எல்லாம் நாலு பக்கத்துல முடிஞ்சிடும்க்கா" என்றேன்.

"அவன் தரையில படுத்துக்குவான்" என்றாள் வேராக்கா, ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

நான் இவர்களைச் சோம்பேறிகள் என்றுதான் முதலில் நினைத்தேன். அது தப்பு. நம்மூர்ச் சோம்பேறி நன்றாகச் சாப்பிடுவான், நன்றாகத் தூங்குவான், அவனுக்கு ஒரு பேஜாரும் கிடையாது. இந்த ரஷ்யன் தூங்குவதில்லை. படுத்தபடியே நாள் முழுக்க வேலை செய்கிறான், எல்லாம் உள்ளுக்குள். நாளைக்கு என்கிற ஊரில் அவனுக்குப் பெரிய வீடு இருக்கிறது. இன்றைக்கு என்கிற ஊரில் வாடகைக்குக்கூட இடமில்லை. அவன் யாரையும் அடிக்கவில்லை, ஏமாற்றவில்லை. படிக்கிறவனுக்கு அவன்மேல் ஒரு பிரியம் வந்துவிடுகிறது. எனக்கும் வந்தது.

ஒரே ஒரு சந்தேகம் மட்டும் அரித்துக்கொண்டே இருந்தது.

"அக்கா, இவனுக்கு யார் சோறு போடுறாங்க?"

"ஒரு கிராமமே போடுது. நிலத்தோட சேத்து இவங்க அப்பன் விட்டுட்டுப் போன பண்ணை ஆளுங்க."

"அது எந்தப் பக்கத்துல வருது? நான் பாக்கவே இல்லையே."

"பக்கத்துல வராது. அவங்க வெளிய வயல்ல இருப்பாங்க."

அன்று அதற்குமேல் கிண்டல் வரவில்லை. எனக்கு எங்கள் அண்ணன் ஞாபகம் வந்துவிட்டது.

3

அண்ணன் பெயர் ஞானமுத்து. எங்கள் வீட்டில் மெட்ரிகுலேஷன் வரைக்கும் போன ஒரே ஆள். எங்கள் அப்பாவுக்கு ஒரு பையனைப் படிக்கவைக்கத்தான் தெம்பு இருந்தது. அண்ணன் இங்கிலீஷ் இலக்கணத்துக்குப் போனான், நான் டேனரியில் தோல் ஊறவைக்கிற சுண்ணாம்புக் குழிக்குப் போனேன். முதல் வாரம் சுண்ணாம்பு என் காலைத் தின்றபோது, எண்ணெய் போட்டுத் துணி சுற்றிவிட்டு அழுதவன் அண்ணன்தான். "உன்னை அந்தக் குழிலருந்து வெளிய எடுக்குறேன்டா சகாயம், எங்கிட்ட ஒரு பிளான் இருக்குது" என்றான். ஆறு வருஷம் அந்தப் பிளான் இருந்தது. கடைசியில் என்னை எடுத்தவர் பாய்.

அண்ணனும் டேனரி ஆபீஸில் கொஞ்ச காலம் குமாஸ்தாவாக இருந்தான். வருகிற வியாபாரக் கடிதங்களில் தப்புத் திருத்திக்கொண்டே இருந்தானே தவிரப் பதில் போடவில்லை. அதோடு அந்த வேலை போயிற்று. பிறகு நார்க்கட்டில்தான். கையில் எப்போதும் பழைய காலண்டர் தாள். அதன் பின்பக்கத்தில் பூட்ஸ் படம் வரைவான். ஆம்பூரில் ஒரு பூட்ஸ் கம்பெனி வரப்போகிறது என்று ஊருக்கெல்லாம் தெரியும்.

கப்பலேறுவதற்கு முந்தின வாரம் நான் கேட்டேன்: "அண்ணே, கம்பெனி எப்ப? நான் திரும்பி வரும்போது எனக்கு ஒரு ஜோடி கிடைக்குமா?"

"அவசரப்படாதடா. முதல்ல கட்டையில கால் அச்சு செய்யணும். வெள்ளக்காரன் அச்சு நமக்கு ஆவாது. நம்ம ஜனங்களுக்குக் கால் முன்னால அகலம் ஜாஸ்தி. எல்லார் காலையும் அளந்தாதான் சரியா வரும்."

"அளந்தியா?"

"வேலூர்லருந்து ஆரம்பிக்கலாமா, இங்கருந்தான்னு யோசிச்சுகினு இருக்கேன்."

மூலையில் எஸ்தர் அண்ணி கைமெஷினில் ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தாள். சக்கரத்தை நிறுத்தவில்லை. "உங்க பொண்ணு கிரேஸ் கால்லருந்து ஆரம்பிங்க. அது செருப்பில்லாம சுத்துது" என்றாள்.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அண்ணனும் சிரித்தான். அண்ணி சிரித்தாளா என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன். நினைவில்லை. நான் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். கால் அகலத்தைப் பற்றி அண்ணன் சொன்னது நூற்றுக்கு நூறு நிஜம். இந்த ஊர் பூட்ஸில் என் சுண்டுவிரல் மூன்று வருஷமாகச் சாட்சி சொல்கிறது.

எங்கள் அண்ணனுக்குக் கிராமம் கிடையாது. வயல் கிடையாது. அந்தக் கைமெஷின்தான் அவனுக்கு முழுக் கிராமமும்.

4

கிறிஸ்துமஸுக்கு அண்ணி கடிதம் போட்டிருந்தாள். வேலூர் மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ் பயிற்சிக்கு எட்டாம் வகுப்புப் படித்த பெண்களை எடுக்கிறார்களாம். சாப்பாடும் துணியும் தருவார்கள், ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரலாம். கல்யாணம் ஆன பெண் என்றால் கணவன் சம்மதித்து ஃபாரத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அண்ணன் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவன் எதற்கும் வேண்டாம் என்று சொன்னதில்லை. ஃபாரத்தில் ஐந்தாவது ஷரத்தின் இங்கிலீஷ் தப்பாக இருக்கிறதாம். முதலில் அங்கே தலைமை நர்ஸாக இருக்கிற மேட்ரன் அம்மாவுக்கு மரியாதையாக ஒரு கடிதம் எழுதி அதைத் திருத்தச் சொல்லிவிட்டு, அப்புறம் போடுகிறானாம்.

எனக்குத் தாங்கவில்லை. வேராக்காவுக்குப் படித்துக்காட்டி, "பாத்தியா, உங்க ஊர்க்காரன் ஆம்பூர்ல பொறந்துட்டான்" என்று குதித்தேன். அந்த உற்சாகத்திலேயே அண்ணனுக்கு ஒரு கடிதம் போட்டேன்: 'அண்ணே, விடாதே. ஐந்தாவது மட்டுமில்லை, ஏழாவது ஷரத்தும் கோணலாகத்தான் இருக்கும். நன்றாகப் பார்.' ஃபாரத்தை நான் கண்ணால் பார்த்ததுகூட இல்லை. வாய் அரித்தது, எழுதினேன். தபாலில் போட்டுவிட்டு மறந்தும் போனேன்.

கிண்டல் பண்ணுகிறவன் எதிரில் இருக்கிறவன் முகத்தைப் பார்த்துப் பண்ண வேண்டும். ஆறாயிரம் மைலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறவனிடம் பண்ணினால், சிரிப்பு கப்பலேறாது. காகிதம் மட்டும்தான் போய்ச் சேரும். இந்தப் புத்தி எனக்குப் பிப்ரவரியில் வந்தது.

5

பிப்ரவரியில் அண்ணியிடமிருந்து ஒரு கனமான உறை வந்தது. உள்ளே ஒரு புது ஃபாரம், ஒரு கடிதம்.

'தம்பிக்கு, ஏழாவது ஷரத்தைப் பத்தி நீங்க எழுதினீங்களாம். அவர் அதையும் பாத்தார். இப்ப ரெண்டையும் சேத்து ஒரே கடுதாசியா எழுதணும்னு சொல்றார். எனக்கு சிரிப்பு வரல தம்பி. மேட்ரன் அம்மா கிட்ட அழுதேன். புருஷன் கையெழுத்து போட முடியாத நிலைமைல இருந்தா கூடப்பொறந்தவர் போடலாம்னு சொன்னாங்க. இன்னா நிலைமைன்னு காரணம் எழுதணுமாம். அதுக்கு ஒரு கோடு விட்டிருக்காங்க. ஈஸ்டர் கழிஞ்ச திங்கக்கெழமைக்குள்ள அவங்க கைல இருக்கணும். தாண்டினா அடுத்த வருஷம் எனக்கு வயசு தாண்டிடும். கிரேஸை அவர் பாத்துக்குறேன்னு சொல்றார். மெஷின் ஊசி முறிஞ்சி முறிஞ்சி கண்ணும் கம்மியாய்கினே போவுது. உங்களைத்தான் நம்பிகினு இருக்கேன். எஸ்தர்.'

தபால் கப்பலுக்கு வியாழக்கிழமைதான் பை கட்டுவார்கள். ஆம்பூர் போய்ச் சேர மூன்று வாரம். காலண்டரைப் பார்த்தேன். எனக்கு இரண்டு வியாழக்கிழமை இருந்தது.

ஃபாரத்தை மேஜைமேல் வைத்தேன். 'கணவர் கையெழுத்திட இயலாமைக்குக் காரணம்' என்று ஒரு வரி, பக்கத்தில் ஒரு கோடு. என்ன எழுதுவது? 'யோசித்துக்கொண்டிருக்கிறார்' என்று எழுதலாமா? 'இலக்கணம் முற்றிய வியாதி' என்று எழுதலாமா? ஒவ்வொரு நாளும் ஒன்று தோன்றியது, நேற்றையதைவிட இன்றையது நன்றாக இருந்தது. வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் தனியாகச் சிரித்துக்கொண்டே நடந்தேன். சிரிப்புக்கு அடியில் வேறொன்று இருந்தது. அந்தக் கோட்டில் நான் எதை எழுதினாலும், எங்கள் அண்ணன் ஒன்றுக்கும் ஆகாதவன் என்று ஒரு வெள்ளைக்கார அம்மாளுக்கு நான் எழுதிக் கொடுத்ததாக ஆகும். என் காலுக்குத் துணி சுற்றினவன் அவன். பக்குவமாக, அவனுக்கு வலிக்காத மாதிரி ஒரு வாக்கியம் கிடைக்காதா என்று தேடிக்கொண்டிருந்தேன்.

முதல் வியாழக்கிழமை போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை வேராக்கா, நான் திருப்பித் தராத ஒரு கிண்ணத்தைத் தேடி என் அறைக்கு வந்தாள். மேஜைமேல் ஃபாரத்தைப் பார்த்தாள். "இன்னாடா இது?"

சொன்னேன். "இன்னும் ஒரு வியாழக்கிழமை இருக்குதுக்கா. காரணம் மட்டும் சரியா அமையணும். அமைஞ்சிட்டா ஒரு நிமிஷ வேலை."

அவள் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"எங்க வூட்டுக்காரர் எங்கன்னு நீ ஒரு நாள்கூட கேக்கலையே."

"கேட்டா திட்டுவியோன்னு..."

"ரயிலுக்கு டிக்கெட், காகிதம், எல்லாம் ரெண்டு பேருக்கும் வாங்கி வெச்சேன். அவருக்குப் பொஸ்தகம் பிரிக்கணும், எது எடுத்துகினு போறது, எது விட்டுட்டுப் போறதுன்னு. நல்ல மனுஷன். ஒவ்வொரு பொஸ்தகமா எடுத்துப் படிச்சி படிச்சிப் பிரிச்சார். அடுத்த வாரம் போலாம்னார். அடுத்த வாரம் ரயில் இருக்குமான்னு யாருக்கும் தெரியாது. நான் தையல் பெட்டியை எடுத்துகினு போய் ரயில்ல உக்காந்தேன். வண்டி கிளம்புற வரைக்கும் ஜன்னல்ல பாத்தேன்."

"வரலையா?"

"வந்திருந்தா இந்தக் கிண்ணத்தை அவர் கழுவிகினு இருப்பார்." சிரிக்கிற மாதிரி சொன்னாள். "நீ இந்தக் கதை எல்லாம் சிரிக்கிறதுக்குப் படிக்கிறே. நான் இருபது வயசுலருந்து படிக்கிறேன், ஒருத்தனாவது எழுந்துக்குவானான்னு. உனக்கு ஒண்ணு சொல்றேன். அவன் படுத்துகினு இருக்கும்போது, அவனைப் பாத்து நல்லா சிரிக்கத் தெரிஞ்ச ஒரு தோஸ்த் கூடவே இருப்பான். எல்லாக் கதைலயும் இருப்பான். அவனும் எதையும் செஞ்சதில்ல."

கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நான் புத்தகங்களில் அந்தச் சிநேகிதனைத் தேடிப் பார்க்கவில்லை. தேட வேண்டிய அவசியம் இல்லை.

திங்கட்கிழமை கிடங்கில் ஒரு தோல் கையில் வந்தது. முதுகுப் பக்கம் முதல் தரம், அடிவயிற்றுப் பக்கம் ஈ கடித்த சின்ன வடு. மடக்கினேன், தடவினேன், நின்றேன். பத்து எண்ணியாயிற்று. இருபதும் ஆகியிருக்கும். எதிரில் பென்சிலோடு நிற்கிற குமாஸ்தா, "என்னப்பா, அதுக்குக் கல்யாணம் பேசுறியா?" என்றான். மூன்று வருஷத்தில் என்னை ஒருவன் கிண்டல் பண்ணியது அதுதான் முதல் தடவை. "ரெண்டு" என்று கத்திவிட்டு அடுத்ததை எடுத்தேன். வடு இருக்கிற தோலை வடு இருக்கிறது என்று சொல்வதில் தோலுக்கு அவமானம் இல்லை. சொல்லாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நிற்பதுதான் சரக்கைக் கெடுக்கிறது.

மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்ததும் அறைக்கு ஓடி ஃபாரத்தை எடுத்துவந்து, ஒரு தோல் கட்டின்மேல் விரித்து எழுதினேன். 'கணவர் மறுக்கவில்லை. முடிவு சொல்ல அவரால் முடியவில்லை. குடும்பத்தின் சார்பில் நான் சம்மதிக்கிறேன்.' கீழே கையெழுத்து. வியாழக்கிழமைக்குக் காத்திருக்கவில்லை. அப்போதே தபாலாபீஸுக்குப் போய், ஜன்னலுக்குப் பின்னால் இருந்தவர் முத்திரை குத்தி உறையைப் பைக்குள் போடுகிற வரைக்கும் நின்று பார்த்துவிட்டு வந்தேன். அன்றைக்குச் சாப்பாடு இல்லை.

6

மே மாதம் அண்ணி இரண்டு வரி எழுதினாள். ஈஸ்டருக்கு முன்னால் வருகிற பெரிய வெள்ளிக்கு முந்தின நாள் ஃபாரம் வந்ததாம். நடந்தே ஸ்டேஷனுக்குப் போய், வேலூருக்கு ரயிலேறி, மேட்ரன் அம்மா கையில் தானே கொடுத்தாளாம். ஜூனில் சேரச் சொல்லியிருக்கிறார்களாம். அண்ணனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நானும் கேட்டு எழுதவில்லை, பயம்தான்.

போன வாரம் அண்ணனே எழுதியிருக்கிறான். நான் ஊரைவிட்டு வந்தபிறகு அவனிடமிருந்து வருகிற முதல் கடிதம். உறையைப் பிரிக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

'டேய் சகாயம், எஸ்தரைச் சேர்க்க நானும் வேலூருக்குப் போயிருந்தேன். மேட்ரன் அம்மா உன் ஃபாரத்தை என் எதிரிலேயே எடுத்து வைத்தாள். நீ எழுதியிருந்த மூன்று வரியையும் நான் இரண்டு தடவை படித்தேன். அதில் தப்பு ஒன்றும் இல்லை. எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். அதைப் பற்றி விரிவாகப் பின்னால் எழுதுகிறேன். இப்போது ஒரு அவசரம். கிரேஸுக்குக் காலையில் கேழ்வரகுக் கஞ்சி நான்தான் காய்ச்சுகிறேன். தினமும் கட்டி கட்டியாகவே வருகிறது. நீ அங்கே தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிறவன். மாவுக்கு எத்தனை பங்கு தண்ணீர்? மாவை எப்போது போட வேண்டும்? உடனே எழுது.'

கீழே பென்சிலில், கோணல் மாணலாகக் கிரேஸ் எழுதியிருந்தது: 'சித்தப்பா, கட்டியை நான் எடுத்துப் போட்டுட்டு குடிச்சிடுறேன்.'

பக்கத்து வீட்டில் கேட்டால் அரை நிமிஷத்தில் சொல்லிவிடுவார்கள். அதை விட்டுவிட்டு லண்டனுக்கு எழுதி, போக மூன்று வாரம், வர மூன்று வாரம் காத்திருக்கிறான் எங்கள் அண்ணன். பதிலில் எழுதுவதற்கு எனக்குப் பன்னிரண்டு கிண்டல் தோன்றியது. ஒன்றையும் எழுதவில்லை. ஒரு பங்கு மாவுக்கு ஆறு பங்கு தண்ணீர் என்று எழுதினேன். மாவை நேராகக் கொதிக்கிற தண்ணீரில் கொட்டாதே, முதலில் கொஞ்சம் பச்சைத் தண்ணீரில் கரைத்துக்கொண்டு அப்புறம் ஊற்று என்று எழுதினேன். ஊற்றினபிறகு இறக்குகிற வரைக்கும் கிளறிக்கொண்டே இரு, கையை மட்டும் எடுத்துவிடாதே என்று எழுதி, வியாழக்கிழமைப் பையில் சேர்த்துவிட்டேன்.